கந்தகம் போடும் நாள்

1

நேற்று தபாலில் ஒரு புத்தகம் வந்தது. நீல அட்டை, வழவழப்பான தாள். உள்ளே என் பெயர்கூட இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், 'உதவியவர்கள்' என்ற தலைப்பின் கீழ், கார் ஓட்டியவருக்கும் தட்டச்சு செய்த பெண்ணுக்கும் நடுவில். அதில் எனக்கு வருத்தமில்லை. பெயருக்கு அலைகிறவள் இல்லை நான். என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு.

நான் இருப்பது கனடாவில் ஓர் ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அமெரிக்கா. நடுவில் ஓடுகிற தண்ணீரை இரண்டு அரசாங்கமும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டுவிட்டன. காற்றைப் பிரிக்கத்தான் வழி தெரியவில்லை. அக்கரையில் வரிசையாகப் புகைபோக்கிகள். அந்தப் புகை எல்லை தாண்டி வந்து இக்கரைப் பிள்ளைகளின் நெஞ்சை என்ன பாடு படுத்துகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடந்தது. நான்கு வருஷம் அதில் நான் உதவியாளர். நேற்று வந்த நீலப் புத்தகம் அதன் அறிக்கை.

இக்கரையிலும் புகை உண்டு. எங்கள் தெருக்கோடியிலேயே இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு பெரிய வார்ப்பாலை இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அங்கேதான் வேலை செய்கிறார். தெருவில் பாதிப் பேர் அங்கேதான்.

அறிக்கையின் நடுவில் ஒரு வண்ணப்படம். காஞ்சிபுரத்துச் சரிகைத் துண்டுகள், வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் காற்று எந்தத் திசை என்று குறித்து. என் கையால் ஒட்டியவை. எண்ணிப் பார்த்தேன். இன்னொரு தடவை எண்ணினேன். கறுத்துப்போன துண்டுகளில் பாதியைக் காணவில்லை. இருக்கிறவை எல்லாம் அக்கரைக் காற்றில் கறுத்தவை. நம் பக்கத்து ஆலைக் காற்றில் கறுத்ததில் ஒன்றுகூட இல்லை. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று என் அக்கா வள்ளிக்கு முதல் வருஷத் திதி. மூச்சு முட்டிச் செத்தவள் அவள். போன வருஷம் தந்தி கைக்கு வந்தபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இன்று காலையில் சாதம் பிடித்து வெளியே வைத்துவிட்டுக் காக்கையைத் தேடினேன். இன்றைக்கென்று பார்த்து ஒன்றையும் காணோம். ஆற்றிலிருந்து ஒரு வெள்ளைப் பறவை வந்து தின்றுவிட்டுப் போனது. அக்கா பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்து இருமியிருப்பாள்.

2

இந்தச் சரிகை எப்படி ஆய்வுக்குள் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வந்த புதிதில், குடியேற்ற அலுவலகத்தில் என் படிப்பைச் சொன்னேன். சென்னையில் படித்த பி.எஸ்ஸி., வேதியியல். எதிரே இருந்தவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார். அத்தனை வருஷப் படிப்பு ஒரு குறியில் முடிந்தது. சரி போகட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தபோது முதல் குளிர்காலத்தில் என் கல்யாணப் புடவையின் சரிகை கறுத்துவிட்டது. பெட்டியில் வைக்காமல் ஜன்னலோரம் மடித்து வைத்திருந்தேன். நெசவுக்கார வீட்டுப் பெண்ணுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். காற்றில் கந்தகம் இருக்கிறது.

அக்காவுக்கு எழுதினேன். தறியில் அறுந்து விழுகிற சரிகை முனைகளைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பத் தொடங்கினாள். வாரத்துக்கு ஒன்றைச் சமையலறை ஜன்னலில் கட்டினேன். எந்தத் திசைக் காற்று, எவ்வளவு கறுத்தது என்று ஒரு நோட்டில் தமிழில் குறித்தேன். என் மகள் மங்கைக்கு அதில் பெரிய மானக்கேடு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, அதற்குள் ஏன் தோரணம் என்று பள்ளித் தோழிகள் கேட்கிறார்களாம். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் நான் கேட்டதில் பாதிக்குத்தான்.

பிறகு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் கருவி ஒன்று உண்டு. அதன் குப்பிகளைத் தினமும் காலையில் மாற்ற வேண்டும். தலைவர் டாக்டர் வின்டன் தங்கமான மனிதர் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் ஜன்னலில் சரிகையைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். தட்டில் இட்லி ஆறிப்போகிறது, மனிதர் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்.

"இதையும் ஆய்வில் சேர்ப்போம். கருவி சொல்வதற்கு இது கூடுதல் சாட்சி. ஆனால் எந்தக் காற்றும் விடுபடக் கூடாது, திருமதி சரோஜா. எந்தக் காற்றும்" என்றார்.

கூடப் பிறந்த அண்ணன் சொன்ன மாதிரி நம்பினேன். முட்டாள்.

அடுத்து, பிள்ளைகளின் மூச்சை அளக்க வேண்டும். ஒரு குழாயில் பலமாக ஊதினால் வட்டமான முகப்பில் முள் நகரும். அந்த அளவையும் பிள்ளைக்கு ஒரு பக்கமாக என் தமிழ் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். முதல் வீட்டில், "உங்கள் குழந்தையின் மூச்சு எனக்கு வேண்டும்" என்று என் ஆங்கிலத்தில் சொல்லிவைக்க, அந்த அம்மாள் குழந்தையை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஐரீன்தான் ஓடிவந்து விளக்கம் சொன்னாள். அவள் கணவரும் வார்ப்பாலையில்தான். அவள் மகள் பாட்ஸி, மங்கையின் வகுப்பு. இரண்டுக்கும் இழுப்பு. ஒன்று இழுக்கத் தொடங்கினால் மறுநாள் மற்றதும் இழுக்கும்.

"யார் புகை என்று தெரிந்தால் எனக்குச் சொல்வாயா?" என்று ஐரீன் கேட்டாள்.

அவள் உள்ளங்கையை எடுத்து அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். இது என்ன பழக்கம் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் மறுநாளே பதினோரு தாய்மார்களைக் கூட்டிவந்தாள்.

ஆய்வுக்கூடத்துப் படிவத்தில் காற்றின் திசைக்கு இரண்டே கட்டங்கள்: 'அக்கரை', 'மற்றவை'. வார்ப்பாலைப் பக்கமிருந்து வந்தால் 'மற்றவை'. முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு காற்றிலும் சரிகை கறுக்கிறது, இரண்டு காற்றிலும் பிள்ளைகளின் முள் இறங்குகிறது. என் மங்கைக்கு மிக மோசமான வாரங்கள் எல்லாம் 'மற்றவை'யில்தான் விழுந்தன. அறிக்கை வரும்வரை வெளியே வாய் திறக்கக் கூடாது என்று விதி. நானும் திறக்கவில்லை.

அந்த வருஷம் அக்கா ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாள்: "சரோ, உங்க ஊர்லயும் கந்தகம் போடறாங்களாடி?" அதற்கு நான் பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.

3

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது வெண்பட்டு நெய்கிற வீடு. கோயில் காரியத்துக்கும் கல்யாணத்துக்கும் வெண்பட்டு வேண்டும். பட்டுநூலைச் சோப்பும் சோடாக்காரமும் போட்டு வேகவைத்தாலும் ஒரு மஞ்சள் சாயல் நிற்கும். அதை எடுக்க, ஈர நூலைச் சின்ன அறையில் தொங்கவிட்டு, சட்டியில் நெருப்பின் மேல் கந்தகத்தைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். மறுநாள் காலையில் திறந்தால் நூல் மல்லிகைப்பூ நிறத்தில் இருக்கும். 'கந்தகம் போடறது' என்பார்கள். அது எங்கள் வீட்டில் அறுபதுகளிலும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் நடந்தது.

அன்றைக்கு முதல் வேலை, சரிகைப் பெட்டியை வீட்டை விட்டு வெளியே அனுப்புவது. ஒரு துளி புகை பட்டாலும் சரிகை கறுத்துவிடும். இரண்டு தெரு தள்ளி மாமா வீடு. பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவது என் வேலை.

"சரோ, பெட்டிய எடுத்துக்கினு சீக்கிரம் கெளம்பு. ஒரு நூல்கண்டு கறுத்துதுன்னாகூட அப்பா தோல உரிச்சுடுவாரு" என்பாள் அக்கா.

"நீ வரலையா?"

"கதவாண்ட யாருடி நிக்கறது? ஈரச்சாக்கு ஒணந்து போச்சுன்னா புகை பூரா வெளிய வந்துடும். நீ போ."

என் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அக்கா, கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்துக்கொண்டு நின்றதும் அக்கா, காலையில் முதலில் உள்ளே நுழைந்து நூலை எடுத்ததும் அக்கா. நான் மாமா வீட்டில் சுகமாகத் தூங்கி எழுந்து, பெட்டியோடு திரும்பி வருவேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருப்பாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரைஸ் மில் இருந்தது. கொதிகலனுக்கு உமி எரிப்பார்கள். அப்பா மதிலைப் பார்த்துக் கையை நீட்டுவார். "பாத்தியா, எரிச்சுக்கினே இருக்கான். அவன் புகைதான் எம்பொண்ண இந்தப் பாடு படுத்துது." மில்லுப் புகையும் ஒன்றும் சாம்பிராணி இல்லைதான். ஆனால் அக்காவுக்கு இழுப்பு வருவது மில் ஓடுகிற நாளில் இல்லை, கந்தகம் போட்ட மறுநாளில். பதினேழு வயதில் எனக்கு அது தெரியும்.

முனிசிபாலிட்டிக்கு மனு எழுத வேண்டும் என்றார் அப்பா. "நீதாம்மா படிச்ச புள்ள. இங்கிலீஷ்ல கெட்டியா எழுது." மனுவோடு சாட்சிக்கு ஒரு கறுத்த சரிகைக் கண்டையும் வைத்தார். நான் ஒருமுறை பெட்டியில் எடுத்து வைக்க மறந்து, கந்தக நாளில் மாடத்திலேயே கறுத்துப்போன கண்டு அது.

"அப்பா, இது நம்ம கந்தகத்துல கறுத்ததாச்சே?"

"அதனால இன்னா? கந்தகம் எங்க தாத்தா காலத்துல இருந்து போடறதும்மா. நம்ம புகை நம்மள இன்னா பண்ணும்?"

எழுதினேன். மில்லின் புகையால் கறுத்தது என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அந்த வாரமே அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் புகை வருதா? எந்தப் பக்கத்துப் புகைம்மா?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

"மதிலுக்கு அந்தாண்ட, சார். ரைஸ் மில்லு" என்றேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மில் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் மூடிவையுங்கள் என்றார் டாக்டர். மூடினோம். அதன் பிறகு எங்கள் கந்தகத்துக்கு வெளியே போகக்கூட வழியில்லாமல் போனது.

மனு பலித்தது. மில்லுக்காரர் கொதிகலனைப் பிரித்து ஊருக்கு வெளியே தாமல் பக்கம் கொண்டுபோனார். போவதற்கு முன் ஒரு கூடை சாத்துக்குடியோடு வந்தார். "உங்க பொண்ணுக்கு என்னால கஷ்டம் வந்துடுச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்று வாசலில் நின்று கைகூப்பினார். அப்பா பெரிய மனசோடு மன்னித்தார். அக்கா ஒரு பழத்தை உரித்து, பாதியை என் கையில் கொடுத்தாள்.  நானும் வாங்கித் தின்றேன்.

மில் போய்விட்டது. இழுப்பு போகவில்லை. ஏன் போகவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

4

நேற்று மதியமே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வின்டனின் அறைக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வராது. வந்த வரைக்கும் பேசினேன்.

"மற்றவை எங்கே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம் ஆய்வின் கேள்வி அக்கரையைப் பற்றியது, திருமதி சரோஜா. அதற்கு விடை சொல்லியிருக்கிறோம்."

"அட்டவணையில் என் மகளின் வரிசையே இல்லை. பாட்ஸியின் வரிசை இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்று கைதட்டி ஊதச் சொன்னீர்களே, அந்த மூச்செல்லாம் எங்கே போயிற்று?"

"நாளைக்கு அக்கரைக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசப்போகிறோம். நம் புகையையும் நாமே எடுத்துப்போய் அங்கே வைத்தால் அவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள். முதலில் அவர்களை நிறுத்துவோம். நம்முடைய புகையை நாம் பார்த்துக்கொள்ளலாம்."

எங்கள் அப்பாவை இவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அப்பாவின் குரல் அப்படியே கேட்டது.  "எந்தக் காற்றும் விடுபடக் கூடாது என்று என் வீட்டில் உட்கார்ந்து சொன்னது யார்?" என்றேன். அவர் எழுந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், மரியாதையாக.

வீட்டுக்கு வந்து ஏகாம்பரத்திடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், தலை நிமிரவில்லை.

"வுடு சரோ. அக்கரைக்காரனத்தான சொல்லிக்கிறாங்க? உன்ன இன்னா பண்ணாங்க?"

"உங்க பொண்ணு மூச்ச கணக்குலேர்ந்தே அடிச்சுட்டாங்க. தெரியுதா?"

"ஆலைய மூடிட்டான்னா நம்ம கதி இன்னாமா? போன வாரமே எங்க ஆபீஸ்ல சொன்னாங்க, அறிக்கைல நம்ம பேரு வராது, யாரும் பயப்பட வேணான்னு."

"போன வாரமே உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். பதினொரு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற மனிதர். ஒரு வாரமாக, நான் சரிகை நோட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தார். வின்டன் செய்ததைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

5

இன்று காலை காக்கைக்கு வைத்த சாதத்தைப் பறவை தின்றுவிட்டுப் போன பிறகு காற்று திரும்பியது. வார்ப்பாலைப் பக்கமிருந்து. அந்த வாடை வந்தால் என் கை தானாக ஒரு வேலை செய்யும். பீரோவைத் திறந்து, மிச்சமிருக்கிற பட்டுப்புடவைகளைப் பழைய வேட்டியில் சுற்றி, நிலவறையில் இருக்கும் தகரப்பெட்டியில் கொண்டுபோய்ப் பூட்டிவிடுவேன். வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து இப்படித்தான்.

மங்கை பள்ளிக்குப் போகவில்லை, இழுப்பு. ஜன்னலோர நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூட்டையோடு அவளைத் தாண்டிப் போனபோது கேட்டாள். என்றைக்கும் இல்லாமல் தமிழில் கேட்டாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"அம்மா, புடவைக்கு மட்டும்தான் புகை ஆகாதா?"

மூட்டையைக் கீழே போட்டுவிட்டேன். பெண்ணைத் தூக்கிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பெண், கனம்தான்.

6

வின்டனிடம் இருப்பது ஆங்கிலப் பிரதி. என் தமிழ் நோட்டை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது கிறுக்கல். நோட்டை ஒரு கையிலும் மங்கையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஐரீன் வீட்டுக்குப் போனேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து, பாட்ஸியின் பக்கத்தை வாரம் வாரமாகப் படித்து ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் தடுமாறிய இடத்தில் எல்லாம் மங்கை சேர்த்துச் சொன்னாள்.  கடைசியில் ஐரீன் கேட்டாள்.

"எந்தப் பக்கத்துப் புகை?"

ஆற்றைக் காட்டினேன். பிறகு திரும்பி, தெருக்கோடியைக் காட்டினேன். அவள் கணவரும் என் கணவரும் அந்த நேரத்தில் உள்ளே நின்று வேலை செய்துகொண்டிருந்த இடத்தை.

"எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்?"

"முதல் வருஷத்திலிருந்து."

அவள் எழுந்துபோய், பாட்ஸியின் அறை ஜன்னலைச் சாத்தினாள். வார்ப்பாலையைப் பார்த்த ஜன்னல். திரும்பி வந்து என் எதிரில் நின்றாள். "ஆற்றுப் பக்கத்து ஜன்னலை எல்லாம் நான்கு வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறேன். குழந்தைக்கு நல்ல காற்று வரட்டும் என்று இதைத்தான் திறந்து வைத்தேன். என் கையில் அடித்தாயே சரோஜா. அதற்கு என்ன அர்த்தம்?"

 வின்டன் வாய் திறக்கக் கூடாது என்றார், விதி இருந்தது, எல்லாம் சரிதான். அவள் என்னைக் கேட்டாள், வின்டனைக் கேட்கவில்லை. அவர் என்னை ஏமாற்றினார் என்று நேற்றிலிருந்து குமுறிக்கொண்டிருந்தவள், இவள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஐரீன் நோட்டை என் பக்கம் தள்ளி, "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வா. எல்லாத் தாய்மாருக்கும் இதைப் படித்துக் காட்டு. ஒரு வாரத்தைக்கூட விடாமல்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போகிறேன் என்றேன். ஏகாம்பரத்திடம் இன்னும் சொல்லவில்லை, வந்ததும் சொல்வேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.

இந்தக் குறிப்பு பத்திரிகையில் அச்சாகி ஊருக்கு வந்தால் அப்பா படிப்பார். படியுங்கள் அப்பா. அந்த மனு பொய். அந்தச் சரிகை நம் வீட்டில் கறுத்தது. மில்லுக்காரர் உயிரோடு இருந்தால் யாராவது போய் அவரிடம் சொல்லுங்கள். எழுதியது நான், டாக்டரிடம் சொன்னதும் நான். உங்கள் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கந்தக நாளில் சரிகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அதை இடது இடுப்பில்தான் வைப்பேன், இடது கையால்தான் அணைத்துக்கொள்வேன். அக்கா வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பிடித்து இழுத்துப்போக வலது கை சும்மாதான் இருந்தது.